ஆக்லாந்தில் அருவி பார்க்கப் போகும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகள் பலரும் முதல் விடுமுறையிலேயே பார்க்க ஆசைப்படுவது பீஹா கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் கிட்டெகிட்டெ அருவியைத்தான். நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரம். வண்டியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் காட்டுக்குள் நடந்தால், ஏறக்குறைய 40 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் அடுக்கடுக்காக இறங்கி வருவதைப் பார்க்கலாம். அவசியம் போய் வாருங்கள். ஆனால் கிளம்புவதற்கு முன்னால் உங்கள் ஷூவைத் திருப்பி, அடிப்பாகத்தை ஒருமுறை பாருங்கள். பெரும்பாலோர் செய்யும் பெரிய தவறு அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அருவி இருக்கும் வைட்டாக்கரே மலைக்காட்டில் கௌரி என்ற மரம் வளர்கிறது. நம் வீட்டுப் பெண்ணின் பெயர் போலவே ஒலிக்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. நியூசிலாந்திலும் வடக்குப் பகுதியில் மட்டும்தான் இயற்கையாக வளர்கிறது. இத்தனை பெரிய மரத்துக்கு உணவு உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மண்ணின் மேற்பரப்பை ஒட்டியே பரவியிருக்கும். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரி அந்த வேர்களை அழுகச் செய்கிறது. மரம் நீரும் சத்தும் கிடைக்காமல் நின்றபடியே பட்டுப்போகிறது. நோயை முழுதாகக் குணப்படுத்த இன்றுவரை வழியில்லை. குண்டூசித் தலை அளவு மண் ஒட்டியிருந்தாலே போதும், ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு அது பரவிவிடும்.

இதனால்தான் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களில் அந்த மண்ணுக்கு உரிய தெ கவெராவ் ஆ மாக்கி குலத்தார், 2017 டிசம்பரில் இந்தக் காட்டுக்கு 'ராஹுயி' அறிவித்தார்கள். மண் மீண்டும் தேறும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்ற மரபுவழித் தடை அது. 2018 மே மாதம் நகராட்சியும் காட்டுப் பகுதியை மூடியது. பிறகு ஒவ்வொரு நடைபாதையாகச் சீர் செய்து திறந்தார்கள். திறந்திருக்கும் பாதையில் மட்டும் நடப்பது அந்தத் தடைக்கு நாம் தரும் மரியாதை.

பாதையின் வாசலில் ஷூ துடைக்கும் இடம் இருக்கும். நான் அங்கே நின்று கவனித்திருக்கிறேன்: நம்மவர்கள் உட்பட நிறையப் பேர் பிரஷ்ஷில் ஒரு இழுப்பு, கிருமி கொல்லும் மருந்து ஒரு தெளிப்பு என்று ஐந்து நொடியில் கடந்துவிடுகிறார்கள். மண் அப்பியிருந்தால் மருந்து அதைத் தாண்டி உள்ளே போகாது. முதலில் மண் முழுக்கப் போகத் தேய்க்க வேண்டும், அப்புறம்தான் மருந்து. குதிகால் பக்கத்துப் பள்ளங்களில் மண் கெட்டியாக ஒளிந்திருக்கும். ஒரு பழைய டூத்பிரஷ்ஷால் முதல் நாள் இரவே வீட்டில் சுத்தம் செய்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. திரும்பி வரும்போதும் இதையே செய்ய வேண்டும். களைப்பில் பலர் விடுவது இதைத்தான்.

போட்டோவுக்காகப் பலகைப் பாதையை விட்டு இறங்கி கௌரி மரத்தைக் கட்டிப்பிடிக்கவும் வேண்டாம். நீங்கள் நிற்பது அதன் வேர்மேல்.

அடுத்தது தண்ணீர். குற்றாலத்தில் தண்ணீர் அதிகமானால் போலீஸ் தடுத்து நிறுத்திவிடும். அந்தப் பழக்கத்தில், யாரும் தடுக்கவில்லையே, அப்படியென்றால் இறங்கலாம் என்று நினைப்பது ஆபத்து. இங்கே எச்சரிக்கைப் பலகை மட்டும்தான் இருக்கும், முடிவு உங்களுடையது. மலையில் மழை பெய்தால் ஓடை சட்டென்று ஏறும். பாறை பாசி பிடித்து வழுக்கும், கோடையிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும். எண்ணெய், சோப்பு, ஷாம்பூ எதுவும் வேண்டாம். ஓடை நீரை அப்படியே குடிக்கவும் வேண்டாம். பாம்பு இருக்குமோ என்று அம்மாக்கள் போனில் கேட்பார்கள். நியூசிலாந்துக் காட்டில் பாம்பே கிடையாது, தைரியமாகச் சொல்லலாம்.

நேரக் கணக்கிலும் பலர் தவறுகிறார்கள். இங்கே ஜூன், ஜூலை குளிர்காலம். ஜூன் மாதம் மாலை 5.10 வாக்கில் சூரியன் மறைந்துவிடும், மரங்களுக்குக் கீழே அதற்கும் முன்பே இருட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகக் கிளம்பினால் திரும்பும்போது வழி தெரியாது. மாநகரப் பேருந்து பீஹா வரை போவதில்லை, ஆகவே வண்டி ஏற்பாடு முன்கூட்டியே வேண்டும். வண்டியில் பையை வெளியே தெரியும்படி வைக்காதீர்கள்.

2023 பிப்ரவரியில் வந்த கேப்ரியல் புயலில் இந்தப் பகுதியில் மலைச்சரிவுகள் சரிந்து, சாலைகளும் பாதைகளும் சேதமாயின. பழைய வீடியோவை நம்பாமல், போகும் நாள் காலையில் பாதை திறந்திருக்கிறதா என்று நகராட்சி இணையதளத்தில் பாருங்கள். காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் இருக்காது. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், அதற்குள் தகவல் வராவிட்டால் அவசர உதவி எண் 111-ஐ அழை என்று அறையில் இருக்கும் நண்பரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். நகருக்குத் திரும்பியதும் அவருக்கு ஒரு மெசேஜ் போட மறக்க வேண்டாம், பாவம், காத்துக்கொண்டிருப்பார்.