வைப்ரேஷன் டிரான்ஸ்மிட்டர்: குறைந்த அளவைக் காட்டினால் உடனே நம்பாதீர்கள்

இயந்திரத்தின் அதிர்வை அளந்து கண்ட்ரோல் ரூமுக்கு அனுப்பும் வைப்ரேஷன் டிரான்ஸ்மிட்டரை மாட்டும்போது பெரும்பாலும் எல்லோரும் பயப்படுவது தேவையில்லாத ட்ரிப்புக்குத்தான், அதாவது இயந்திரம் காரணமில்லாமல் தானாக நின்றுவிடுவதற்குத்தான். அதைவிட ஆபத்தானது, இயந்திரம் ஆடிக்கொண்டிருக்க, கண்ட்ரோல் ரூம் திரை 2 மி.மீ./வினாடி என்று சாதுவாகக் காட்டுவது. மாட்டும்போதும் வயரிங்கிலும் நடக்கும் பல தவறுகள் இதில்தான் போய் முடியும்.

சாதாரண டிரான்ஸ்மிட்டர்கள் பல 10 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வைத்தான் அளக்கும். 10 ஹெர்ட்ஸ் என்றால் 600 ஆர்பிஎம். கூலிங் டவர் ஃபேன் 240 ஆர்பிஎம்மில் சுற்றினால் அதன் பேலன்ஸ் கோளாறு 4 ஹெர்ட்ஸில் வரும். ஃபில்டர் அதில் பெரும்பகுதியை வெட்டிவிடும். மோட்டார் பக்கத்து அதிர்வு மட்டும் ஒழுங்காகத் தெரிவதால் யாருக்கும் சந்தேகமும் வராது. மெதுவாகச் சுற்றும் இயந்திரத்துக்கு 2 ஹெர்ட்ஸிலிருந்தே அளக்கும் மாடலைக் கேட்டு வாங்குங்கள்.

மாட்டும் இடம் பேரிங் ஹவுசிங், அதாவது பேரிங்கைத் தாங்கும் கூடுதான். கைக்கு எட்டுகிறதே என்று மோட்டாரின் ஃபேன் கவரில் மாட்டினால் தகரத்தின் ஆட்டத்தைத்தான் அளப்பீர்கள். பெயின்டைச் சுரண்டி, பரப்பைத் தட்டையாக்கி, ஸ்டட்டில் (மரை போட்ட தண்டில்) முறுக்குங்கள். மேக்னட் கையடக்கக் கருவிக்குச் சரி, நிரந்தரமாக நிற்பதற்கு அல்ல.

அதிகம் கவனிக்கப்படாதது மின்சப்ளை. அளவைக் கரண்ட்டாக அனுப்பும் 4-20 மில்லி ஆம்பியர் லூப்பில் (4 என்றால் அதிர்வு பூஜ்யம், 20 என்றால் ரேஞ்சின் உச்சம்) டிரான்ஸ்மிட்டருக்கு 12 வோல்ட்டாவது தேவை என்று வைத்துக்கொள்வோம். சப்ளை 24 வோல்ட் என்றால் பேரியர் (வெடி அபாயமுள்ள இடத்துக்குப் போகும் மின்சக்தியைக் கட்டுப்படுத்துவது), கேபிள், டிசிஎஸ் (ஆலையைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் அமைப்பு) கார்டு எல்லாம் சேர்த்து 600 ஓம் வரைதான் தாங்கும். அதைத் தாண்டினாலும் அதிர்வு குறைவாக இருக்கும்வரை அளவு சரியாகவே வரும். அதிர்வு ஏற ஏற வோல்டேஜ் போதாமல் கரண்ட் ஓர் இடத்தில் நின்றுவிடும், அதாவது சரியாக நமக்குத் தேவைப்படும் நேரத்தில். லூப் காலிபிரேட்டரால் 20 மில்லி ஆம்பியர் செலுத்தி, அப்போது டிரான்ஸ்மிட்டர் முனையில் எவ்வளவு வோல்ட் மிஞ்சுகிறது என்று கணக்குப் பார்த்துவிடுங்கள்.

வயர் அறுந்தால் கரண்ட் பூஜ்யம். அதை ‘அதிர்வு இல்லை’ என்று படிக்கும் டிசிஎஸ் புரோகிராம்கள் உண்டு. 3.6 மில்லி ஆம்பியருக்குக் கீழே போனால் ஃபால்ட் காட்ட வேண்டும். ஸ்கேலையும் பாருங்கள்: 0-25 மி.மீ./வினாடி ரேஞ்ச் உள்ளதை 0-20 என்று பதிந்தால் உண்மையான 12.5-ஐத் திரை 10 என்று சொல்லும்.

அலாரம் அளவைப் பக்கத்து இயந்திரத்திலிருந்து காப்பி அடிக்கக் கூடாது. ஐஎஸ்ஓ 10816-3 (2022-இல் இதன் இடத்துக்கு ஐஎஸ்ஓ 20816-3 வந்துவிட்டது) கணக்கில், உறுதியான அடித்தளத்தில் நிற்கும் 15-300 கிலோவாட் இயந்திரத்துக்கு 4.5 மி.மீ./வினாடியைத் தாண்டினாலே ஆபத்து. நெகிழும் அடித்தளத்தில் நிற்கும் 300 கிலோவாட்டுக்கு மேற்பட்ட இயந்திரத்துக்கு அது 11. இவை ஆர்எம்எஸ் அளவுகள் (ஒருவகைச் சராசரி), பீக் (உச்ச அளவு) அல்ல. ஸ்டார்ட் ஆகும்போது வரும் தற்காலிக ஆட்டத்துக்கு டைம் டிலே கொடுங்கள். அதற்குப் பதில் பைபாஸ் போட்டு (பாதுகாப்பையே செயலிழக்க வைத்து) மறப்பதுதான் பல இடங்களில் நடக்கிறது.

அப்புறம், பேரிங்கின் ஆரம்பக்கட்டப் பழுது இந்த ஒற்றை எண்ணில் தெரியாது. அது பெரும்பாலும் கிலோஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வில் வரும். அதற்கு என்வலப் அனாலிசிஸ் (உயர் அதிர்வெண் அதிர்வில் திரும்பத் திரும்ப வரும் அடிகளைப் பிரித்தெடுக்கும் முறை) வேண்டும். ஸ்லீவ் பேரிங் (உருளைகள் இல்லாமல் ஆயில் படலத்தில் ஷாஃப்ட் சுற்றுவது) உள்ள பெரிய டர்பைன்களில் ஷாஃப்ட்டின் ஆட்டம் ஹவுசிங்குக்கு முழுதாக வந்து சேராது. அங்கே ஷாஃப்ட்டைத் தொடாமலே அதன் ஆட்டத்தை நேரடியாக அளக்கும் ப்ராக்ஸிமிட்டி ப்ரோப்தான் சரி.