மாம்பழ சீசனில் குட்டி ஈ தொல்லைக்கு

ஒரு சின்ன டம்ளரில் 4 ஸ்பூன் வினிகர் ஊற்றி, நன்றாகக் கனிந்த மாம்பழத் துண்டு ஒன்றை மசித்துப் போட்டு, பாத்திரம் கழுவும் லிக்விட் 2 சொட்டு விட்டு, ராத்திரி பழக்கூடைக்குப் பக்கத்தில் வையுங்கள். காலையில் ஈக்கள் டம்ளருக்குள் செத்துக் கிடக்கும்.

புளித்த வாசனைக்குத்தான் பழ ஈ வரும். லிக்விட் விடாவிட்டால் வினிகர் மேலேயே உட்கார்ந்து குடித்துவிட்டுப் பறந்துவிடும். விட்டால் மேற்பரப்பு அதன் எடையைத் தாங்காது, மூழ்கிவிடும். நுரை வரும்படி மட்டும் கலக்காதீர்கள், வாசனை வெளியே வராது. வேலூர் மளிகைக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது வெள்ளை வினிகர். அதில் பழ வாசனை கிடையாது, அதனால் மாம்பழத் துண்டை விட்டுவிடாதீர்கள்.

டம்ளரில் சிக்குவது பறக்கிற ஈ மட்டுமே. முட்டைகள் பழத்தின் காம்படியிலும் தோல் வெடித்த இடத்திலும் இருக்கும். அவை ஈயாக மாற ஏறக்குறைய 10 நாள் போதும். நேதாஜி மார்க்கெட்டிலிருந்து பழம் வந்ததும் கழுவி, ஈரம் போகத் துடைத்து வையுங்கள். தோலையும் கொட்டையையும் அன்றன்றே வெளியே போட்டுவிட வேண்டும்.

சிங்க் ஓரச் சுவரில் உட்காரும், ரோமம் அடர்ந்த சாம்பல் நிறப் பூச்சி வேறு வகை. அதற்கு இது பலிக்காது. சிங்க் ஓட்டைக்குள் பிரஷ் விட்டு, ஒட்டியிருக்கும் வழவழப்பைத் தேய்த்து எடுத்தால்தான் அது போகும்.