ஐ.எம்.எஃப் மதிப்பீட்டு அறிக்கைகள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வதேச நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்) கொடுத்த கடன், விதித்த நிபந்தனை, சொன்ன ஆலோசனை எல்லாவற்றையும் அலசுவதற்கென்றே 2001இல் ஒரு சுதந்திர மதிப்பீட்டு அலுவலகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் இந்தியப் பொருளாதார வல்லுநர் மாண்டேக் சிங் அலுவாலியா. அறிக்கைகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம். ஆனால் அவற்றை மேற்கோள் காட்டுகிற பலர் அட்டையிலேயே சறுக்கிவிடுகிறார்கள்.

அதாவது, எழுதியது யார் என்று பார்ப்பதில்லை. கிரீஸுக்கு 2010இல் கொடுத்த கடனைப் பற்றி 2013இல் ஓர் அறிக்கை வந்தது. தவறை ஐ.எம்.எஃப் ஒப்புக்கொண்டது என்று உலகம் முழுக்கப் பேச்சு. அதை எழுதியவர்கள் நிதியத்தின் சொந்த ஊழியர்கள். வழக்கமான வரம்பைத் தாண்டிப் பெரிய கடன் கொடுத்தால், அந்தக் கடன் திட்டம் முடிந்தபின் இப்படி ஒரு பரிசீலனை செய்தாக வேண்டும் என்பது அங்கே விதி. சுதந்திர அலுவலகத்தின் அறிக்கை 2016இல்தான் வந்தது. கிரீஸ், அயர்லாந்து, போர்ச்சுகல் மூன்றையும் சேர்த்து ஆராய்ந்தது.

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். ஊழியர்களின் அறிக்கை, கடன் மறுசீரமைப்பு (பழைய கடனின் தொகையையோ தவணையையோ மாற்றுவது) தாமதமானதையும் வளர்ச்சிக் கணிப்பு பொய்த்ததையும் சொல்கிறது. 2016 அறிக்கையோ, முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்றே கேட்கிறது. சில முக்கிய விஷயங்களில் எழுத்துப்பூர்வ ஆவணமே கிடைக்கவில்லை, யார் முடிவெடுத்தார்கள் என்பதைச் சில இடங்களில் உறுதிசெய்ய முடியவில்லை என்று மதிப்பீட்டாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை அந்த அறிக்கையில் அதுவே மிகக் கனமான செய்தி. பல லட்சம் பேரின் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் தொட்ட முடிவுகள் அவை.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. நிதியத்துக்குள்ளேயே இருக்கிற அலுவலகம்தானே, வெறும் கண்துடைப்பு என்று ஒதுக்கிவிடுவது. அலுவலகத்தின் இயக்குநரை நியமிப்பது நிதியத்தின் தலைவரான நிர்வாக இயக்குநர் அல்ல, உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள் அமர்ந்திருக்கும் செயற்குழு. பதவிக்காலம் முடிந்தபின் அவர் நிதியத்தின் ஊழியராகச் சேர முடியாது. அப்புறம், 2011இல் வந்த அறிக்கையைப் பாருங்கள். 2008 நெருக்கடி வருவதை நிதியம் ஏன் கணிக்கவில்லை என்று கேட்டு, ஒரே மாதிரி யோசிக்கும் பழக்கத்தையும், மாற்றுக் கருத்து சொல்லத் தயங்கும் சூழலையும் அது காரணமாகக் காட்டியது. ஐஸ்லாந்தின் வங்கிச் சொத்துகள் 2007இல் நாட்டின் மொத்த உற்பத்தியைப் போலக் கிட்டத்தட்ட 10 மடங்கு ஆகியிருந்தும், அந்த நாட்டின் எதிர்காலத்தை நிதியம் பாராட்டிக்கொண்டிருந்ததை எடுத்துக் காட்டியது. கண்துடைப்புக்கு இப்படி எழுத மாட்டார்கள். கடன் மட்டுமல்ல, நாடுகளின் பொருளாதாரத்தை நிதியம் கண்காணிப்பதும் ஆலோசனை சொல்வதும்கூட மதிப்பீட்டுக்கு உட்பட்டவை என்பதும் இதிலிருந்து தெரியும்.

அடுத்து, பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது. வளர்ச்சி பற்றிய 2021 அறிக்கையை எதிர்ப்பாளர்களும் ஆதரவாளர்களும் ஆளுக்கொரு துண்டாகப் பயன்படுத்தலாம். கடன் திட்டங்கள் கணித்த வளர்ச்சி பெரும்பாலும் வரவில்லை என்கிறது அது. அதே அறிக்கை, அரசுச் செலவை அளவுமீறி வெட்டும் சிக்கனத்தை நோக்கித் தொடர்ச்சியான சாய்வு இருந்ததாகத் தெரியவில்லை என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

கடனுக்கு முன்னால் இப்படி, பின்னால் அப்படி என்று ஒப்பிட்டுத் தீர்ப்பு சொல்வதும் தவறான வழி. நெருக்கடியில் விழுந்த நாடுதான் பெரும்பாலும் நிதியத்திடம் போகிறது. கடன் வாங்காமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே கேள்வி. அதற்கு எளிய பதில் கிடையாது. அதனால்தான் மதிப்பீட்டாளர்கள் திட்டத்தின் சொந்தக் கணிப்புகளோடும், திட்டம் இல்லாத நாடுகளோடும் ஒப்பிடுகிறார்கள்.

நடந்துகொண்டிருக்கும் திட்டத்துக்கு இவர்கள் ஏன் உடனே தீர்ப்பு சொல்வதில்லை என்று கோபப்படுபவர்களும் உண்டு. நடப்புப் பணிகளில் தலையிடக்கூடாது என்பது அலுவலகத்தின் விதி.

சரி, அறிக்கையைப் படித்தாயிற்று. அதோடு மூடிவைத்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அறிக்கையின் ஒரு பரிந்துரையைச் செயற்குழு ஏற்பதும் அது நடைமுறைக்கு வருவதும் வேறு வேறு. ஏற்றபின் நிர்வாகம் செயல்திட்டம் ஒன்றைத் தர வேண்டும். எது முடிந்தது, எது நிலுவை என்று அவ்வப்போது கண்காணிப்பு அறிக்கையும் வரும். நிலுவை வரிசைகளை நிதானமாகப் பாருங்கள். ஒரு பணி பட்டியலிலிருந்து மறைந்திருந்தால், அது முடிந்ததால் மறைந்ததா, இனி தேவையில்லை என்று நீக்கப்பட்டதா என்பதையும் சரிபாருங்கள்.