தென்னைக்குப் பள்ளம், பலாவுக்கு மேடு

கொல்லையில் தென்னையும் பலாவும் வைக்க ஆசைப்படுகிறவர்கள் கன்று வாங்கப் போவதற்கு முன்னால் ஒரு நல்ல மழை நாளுக்காகக் காத்திருங்கள். மழை விட்டதும் குடையோடு பின்பக்கம் போய், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். தண்ணீர் போய்ச் சேருகிற பக்கம் தென்னைக்கு, முதலில் காய்கிற மேட்டுப் பக்கம் பலாவுக்கு. மாற்றி வைத்துவிட்டால் அப்புறம் எந்த உரம் போட்டும் சரிக்கட்ட முடியாது. தென்னையும் மாசக்கணக்கில் தண்ணீரில் நிற்காதுதான், ஆனால் நாலு நாள் தேங்கினால் பொறுத்துக்கொள்ளும். பலாக்கன்றுக்கு அந்தப் பொறுமை கிடையாது. வேர் அழுகி, இலை மஞ்சளாகி, ஒரு ஐப்பசி அடைமழையிலேயே போய்விடும்.

எனக்குப் பிறந்த வீடு புளியரை, புகுந்த வீடு கல்லிடைக்குறிச்சி. இரண்டும் மேற்கு மலையின் அடிவாரம்தான், ஆனால் மண்ணும் மழையும் வேறு. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனியிலேயே சாரல் வந்துவிடுவதால் புளியரையில் பலா தானாக வளரும். மரத்தில் மிளகுக்கொடியை ஏற்றிவிடுவார்கள், தனியாகத் தண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை. கல்லிடையில் தாமிரபரணியும் கன்னடியன் கால்வாயும் இருக்கிற தைரியத்தில் தென்னை நன்றாக நிற்கும். பலாவை மட்டும் மூன்று கோடைக்குக் கைப்பிள்ளையாகப் பார்க்க வேண்டும். திசையன்விளை பக்கத்துத் தேரி மணலில் இரண்டுக்குமே தண்ணீர் விட்டாக வேண்டும். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் மழைக்குச் சேறு, வெயிலுக்கு வெடிப்பு. அங்கே பலா வைப்பதென்றால் இரண்டடி உயரத்துக்குச் செம்மண் மேடு போட்டு அதன்மேல் வையுங்கள்.

தென்னை வேர் சல்லி வேர், சுவரைப் பிளக்காது. தலையில் விழும் தேங்காய்க்கும் மட்டைக்கும் பயந்துதான் நடைபாதை, மாட்டுத்தொழுவம், ஓட்டுக்கூரை ஆகியவற்றிலிருந்து தள்ளி வைக்கிறோம். பலா வேர் பருத்து ஓடும். சுவரிலிருந்தும் கழிவுத்தொட்டியிலிருந்தும் இருபதடியாவது விடுங்கள். இரண்டு மரத்துக்கும் நடுவில் இருபத்தைந்தடி இருந்தால் ஒன்றின் நிழல் ஒன்றைக் கெடுக்காது. ஐந்து சென்ட் மனையில் இரண்டுக்கும் இடமில்லை என்றால் தென்னையை வைத்துக்கொள்ளுங்கள். பலாப்பழம் சீசனில் குற்றாலத்துப் பாதையோரத்தில் குவிந்து கிடக்கும், வாங்கிக்கொள்ளலாம். தேங்காய் தினமும் வேண்டும்.

தென்னங்கன்றை அவசரப்பட்டு வாங்காதீர்கள். ஒன்பது மாசத்துக்கு மேல் ஒரு வருஷத்துக்குள் வயசு, ஆறு இலைக்குக் குறையாமல், கழுத்துப் பக்கம் சுற்றளவு 10 செ.மீ. இருக்க வேண்டும். இலை சீக்கிரமே கீறிப் பிரிந்திருந்தால் அது வீரியமான கன்று. நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும், அறுபது வருஷத்துக்கு மேல் நிற்கும், சமையலுக்கும் எண்ணெய்க்கும் அதுதான். சாவக்காடு ஆரஞ்சு குட்டை மூன்று நாலு வருஷத்தில் பாளை விடும், செவ்விளநீருக்கு அதை மிஞ்ச ஆளில்லை, தேங்காய்ப் பருப்பு மட்டும் சமையலுக்கு ருசிப்படாது. வீட்டுக்கு ஒரு நெட்டை, ஒரு செவ்விளநீர் என்பது என் கணக்கு. இளநீர் கேட்டு வருகிற பேரப்பிள்ளைகளுக்குத் தொரட்டி எட்டுகிற உயரத்திலேயே குலை கிடைக்கும், உயரமான மரத்தில் ஆள் ஏற்ற வேண்டாம்.

குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் மூன்றடி. அதில் மேல்மண்ணும் மணலும் மக்கிய சாணியும் கலந்து ஓரடிவரை நிரப்பி, அதன்மேல் கன்றை வைத்துக் காய் மூடுகிற அளவுக்கு மண் தள்ளுங்கள். மிச்சக் குழி அப்படியே பள்ளமாக இருக்கட்டும். மரம் பருக்கப் பருக்க மண் இறங்கித் தானே தூர்ந்துவிடும். மேலாக நட்ட தென்னையில் வேர் வெளியே தெரிந்து, காற்றுக்கு ஆடும். குழியின் அடியில் தேங்காய் உரித்த கதம்பையை, நார்ப்பக்கம் மேலே இருக்கும்படி மல்லாத்தி ஒரு வரிசை அடுக்கினால் கோடையில் ஈரம் நிற்கும். கன்றுக்கு முதல் இரண்டு மாசம் தென்மேற்குப் பக்கம் ஓலை மறைப்பு வேண்டும்.

பாத்திரம் கழுவுகிற தண்ணீரையும் குளிக்கிற தண்ணீரையும் வாய்க்கால் வெட்டித் தென்னை மூட்டுக்கு விடுவது நம் ஊரில் காலகாலமாக உள்ள வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஆனால் அதை மூட்டிலேயே நேராகக் கொட்டாமல் மரத்தைச் சுற்றி ஆறடிவரை வட்டமாக வெட்டிய பாத்தியில் பரவ விடுங்கள். உறிஞ்சுகிற வேர் பெரும்பாலும் மரத்திலிருந்து ஆறடிக்குள்தான் இருக்கிறது. உரமும் அந்த வட்டத்துக்குள்தான். ஐந்து வயசுக்கு மேற்பட்ட மரத்துக்கு வருஷத்துக்குத் தொழு உரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. இதைப் பாதியாகப் பிரித்து ஆனி-ஆடியில் ஒரு தடவை, மார்கழி-தையில் ஒரு தடவை கொடுக்கலாம். பொட்டாஷில் கஞ்சத்தனம் காட்டினால் பருப்பு மெலிந்துவிடும். குருத்தோலை நுனி ஒட்டிக்கொண்டு விரியாமல் வந்தால் போரான் பற்றாக்குறை. 50 கிராம் போராக்ஸ் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போட்டால் சரியாகும். குரும்பை கொட்டுகிறதே என்று பாதிப்பேர் கோயிலுக்கு நேர்ந்துகொள்கிறார்கள். பாளையில் பிடிக்கிற குரும்பை எல்லாமே காயாக நிற்பதில்லை, கொஞ்சம் கொட்டத்தான் செய்யும். எல்லாமே கொட்டினால்தான் தண்ணீரையும் உரத்தையும் பார்க்க வேண்டும்.

இனி எதிரிகள். விரிந்த ஓலை கத்திரியால் முக்கோணமாக வெட்டியதுபோல் இருந்தால் காண்டாமிருக வண்டு குருத்துக்குள் இருந்திருக்கிறது. அது முட்டையிடுவது எருக்குழியில். ஆகவே மரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் எருக்குழியைக் கிளறி, வெள்ளைப் புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் மேல் மூன்று மட்டை இடுக்கில் வைக்கலாம். ஆமணக்குப் புண்ணாக்கு ஒரு கிலோவை ஐந்து லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பானையில் ஊற்றி வைத்தால் வண்டு தேடி வந்து விழும். நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருவார்கள், முதலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். சிவப்புக் கூன்வண்டு இன்னும் மோசம். தண்டில் ஓட்டை விழுந்து பழுப்பாகச் சாறு வடியும்போது உள்ளே பாதி போயிருக்கும். பச்சை மட்டையை ஒட்ட வெட்டிக் காயம் உண்டாக்காமல், நாலடி விட்டு வெட்டினால் அந்த வண்டு நுழைய வழி குறையும்.

பொள்ளாச்சியில் 2016-ல் தெரிந்த சுருள் வெள்ளை ஈ இப்போது நம் பக்கமும் வந்துவிட்டது. ஓலையின் அடிப்பக்கம் வெள்ளை வளையம் வளையமாக, கீழே நிற்கிற செடியெல்லாம் கரி பூசினமாதிரி. இதற்கு விஷமருந்து அடிக்கவே கூடாது, ஈயைத் தின்கிற நல்ல பூச்சிகள்தான் முதலில் சாகும். மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் கட்டுங்கள், குட்டை மரமென்றால் ஓலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். கரும்பூசணத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா காய்ச்சித் தெளித்தால் காய்ந்து உதிரும்போது கரியும் சேர்ந்து உதிரும்.

தேங்காய் வெட்ட ஆள் கிடைப்பதுதான் இப்போது பெரிய பாடு. எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு அண்ணாச்சி வருகிறார். 45 நாளுக்கு ஒரு வெட்டு என்று தெருவே சேர்ந்து தேதி பேசி வைத்துக்கொள்கிறோம். ஏறுகிறவரிடமே பன்னாடையையும் காய்ந்த பாளையையும் கழிக்கச் சொல்லுங்கள், அதற்குத் தனியாகக் கொடுத்தாலும் தப்பில்லை. பாளை வெடித்து ஏழு மாசத்தில் இளநீர், முற்றிய காய்க்குப் பதினோரு பன்னிரண்டு மாசம்.

பலாவுக்கு ஒட்டுக்கன்றா கொட்டைக்கன்றா என்று கேட்டால், ஒட்டுதான். கொட்டை போட்டு முளைத்தது தாய்மரம் மாதிரியே வரும் என்று சொல்ல முடியாது. சுளை கெட்டியான வருக்கைப் பழத்துக் கொட்டை, கொழகொழவென்ற கூழனாக வந்து நிற்கும், அதுவும் ஏழெட்டு வருஷம் கழித்துத்தான் தெரியும். ஒட்டு நாலைந்து வருஷத்தில் காய்க்கும். பேச்சிப்பாறை ஆராய்ச்சி நிலையத்தின் பி.பி.ஐ. 1 நம் பக்கத்துக்குப் பக்கத்திலேயே தேர்ந்த ரகம், வருஷத்துக்கு இரண்டு பருவம் காய்க்கும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்போது கிள்ளிவிட மறந்தால் ஒட்டு செத்து அடிமரம்தான் வளரும். நட்ட பிறகு ஆனி, ஆடிக் காற்றுக்கு மேற்கே ஒரு ஓலைத்தட்டி கட்டுங்கள். மரம் இரண்டாள் உயரம் போனதும் நடுக்கொம்பை நறுக்கினால் பக்கமாகப் படரும், பறிக்கவும் சுலபம். காய் தண்டிலும் பருத்த கிளையிலும் பிடிப்பதால் தண்டில் ஆணி அடிப்பது, கொடிக்கயிறு கட்டுவது எல்லாம் வேண்டாம்.

முதல் முதலாகப் பூக்கும்போது குட்டிக் குட்டியாக வந்து கறுத்து விழும். பதறாதீர்கள், அது ஆண் பூ. காம்பு மெலிந்து, கிளை நுனியில் நிறைய இருக்கும். பெண் பூவின் காம்பு பருத்து, மேலே ஒரு வளையம் தெரியும், தண்டை ஒட்டி நிற்கும். காய்ப்புக்கு வந்த முதல் வருஷம் இரண்டு மூன்று காய் மட்டும் விட்டுவிட்டு மீதியைப் பிஞ்சிலேயே எடுத்துவிடுங்கள். அந்தப் பிஞ்சை வேகவைத்து இடித்து, தேங்காய்த்துருவலும் மிளகாயும் போட்டுப் பொரியல் செய்தால் எங்கள் வீட்டில் சோறு பற்றாது. புளியரையில் அதை இடிச்சக்கை என்பார்கள்.

பழம் முற்றியதா என்று பார்க்க, தட்டினால் மந்தமான சத்தம் வர வேண்டும், முள் அகன்று தட்டையாகியிருக்க வேண்டும், காம்பை ஒட்டிய இலை பழுத்திருக்க வேண்டும். மரத்திலேயே மணக்க விட்டால் அணிலுக்கும் குரங்குக்கும்தான். காம்போடு வெட்டி, கயிற்றில் கட்டி மெதுவாக இறக்கி, பால் வடியும் வரை காம்பைக் கீழ்நோக்கி வைத்து, அப்புறம் சாக்கு மூடிவையுங்கள். அறுக்கும்போது கத்திக்கும் கைக்கும் தேங்காய் எண்ணெய், பாலைத் துடைக்கப் பழைய பேப்பர். சோப்புப் போட்டால் பால் போகாது, மறுபடியும் எண்ணெய்தான். குற்றாலநாதர் கோயிலின் தல விருட்சம் குறும்பலா என்பதால் என் ஆச்சி முதல் சுளையை யாருக்கும் கொடுக்காமல் சாமிக்குத்தான் வைப்பாள்.

சாப்பிடுகிற விஷயத்துக்கு வந்தால் தேங்காய்க்கு எங்கள் ஊர் சொதிதான். நாலைந்து பேருக்குப் பெரிய தேங்காய் இரண்டு. முதல் பால் கெட்டியாகத் தனியே, இரண்டாம் மூன்றாம் பால் தனியே. சின்ன வெங்காயம், பூண்டை வதக்கி, முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கை மூன்றாம் பாலில் வேகவிட்டு, அரைத்த இஞ்சி பச்சைமிளகாய் விழுதும், வெந்த பாசிப்பருப்பும், இரண்டாம் பாலும் சேர்க்க வேண்டும். கடைசியில் முதல் பாலை ஊற்றி, நுரை கட்டும்போதே இறக்குங்கள். கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாறு சூடு தணிந்தபின். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குக் காரக்கறி. கல்யாணத்துக்கு மறுநாள் விருந்துக்கு இதைத் தவிர வேறு குழம்பு வைத்தால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள்.

பலாக்கொட்டையைத் தூர எறியாதீர்கள். வெள்ளைத் தோலை உரித்து, நிழலில் ஈரம் போக உலர்த்தி, காய்ந்த மணலுக்குள் புதைத்துவைத்தால் சமையலுக்கு நாள்பட இருக்கும். அவியலுக்கும் கூட்டாஞ்சோற்றுக்கும் ஒரு கை எடுத்துப் போடலாம். நாங்கள் சைவம். பக்கத்து வீட்டில் கத்திரிக்காயோடு கருவாட்டுக் குழம்பில் போடுகிறார்கள், அந்த வாசம் எங்கள் கிணற்றடி வரைக்கும் வரும். நட வேண்டும் என்று கொட்டை எடுப்பவர்கள் மட்டும் உலர்த்தாமல், பழம் அறுத்த ஒரு மாசத்துக்குள் ஊன்றிவிட வேண்டும். காய்ந்த கொட்டை முளைக்காது.