புதுப் போன் வாங்க முதல் கையில் இருப்பதைத் திறந்து பாருங்கள்

புதுப் போனில் என்ன வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் கமராவில்தான் தொடங்குவார்கள். நான் முதலில் கேட்பது காது மந்தமான அம்மம்மாவுக்கு நாங்கள் கதைப்பது எழுத்தாக ஓட வேண்டும் என்பதைத்தான், அதற்கான செயலி அண்ட்ரொய்டுக்கு ஏற்கெனவே இருக்கிறது. பிளே ஸ்டோரில் 'லைவ் டிரான்ஸ்கிரைப்' என்று தேடி இறக்கி, மொழியைத் தமிழாக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, போனைக் கதைப்பவருக்குக் கிட்ட வையுங்கள். டேட்டாவைப் போட்டபடி வையுங்கள். மூன்று பேர் ஒரேயடியாகக் கதைத்தால் அது குழம்பும், அம்மம்மாவும்தான் குழம்புவா.

சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் கூகுள் டிரான்ஸ்லேட்டின் கமராவைப் பிடியுங்கள், விஷயம் பிடிபடும். ஆனால் அதை நம்பிக் கையெழுத்து வைக்காதீர்கள்.

அப்புறம், பலர் தொடாத ஒன்று. செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் 'எமர்ஜென்சி' என்று அடித்தால் மருத்துவ விவரம் எழுத இடம் வரும். இரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, பக்கத்தில் இருப்பவரின் இலக்கம், இவ்வளவும் போதும். கனடாவில் இருக்கும் மகனின் இலக்கத்தை முதலாவதாகப் போட்டு என்ன பயன்? போன் பூட்டியிருந்தாலும் எமர்ஜென்சி கோலை அழுத்தி யாரும் இதைப் பார்க்கலாம், அதனால் அடையாள அட்டை இலக்கத்தை எழுதாதீர்கள். இலவச அம்புலன்சுக்கு 1990, அதையும் போனில் சேமித்து விடுங்கள்.