இணையப் பாதுகாப்பு வேலைக்கு அரசுப் பயிற்சி வழியாகப் போவது எப்படி?

2013-ல் மத்திய அரசு தேசிய இணையப் பாதுகாப்புக் கொள்கையை வெளியிட்டபோது, ஐந்து ஆண்டுகளில் 5 லட்சம் பேரை இந்தத் துறைக்குத் தயார்செய்வோம் என்று இலக்கு வைத்தது. அதற்கு முன்பே, 2005-ல், ஐ.எஸ்.இ.ஏ. (தகவல் பாதுகாப்புக் கல்வி, விழிப்புணர்வு) என்ற மத்திய அரசுத் திட்டம் கல்லூரிகளில் தகவல் பாதுகாப்புப் படிப்பைக் கொண்டுவரத் தொடங்கிவிட்டது. திட்டங்களுக்குக் குறைவில்லை. எதை முதலில் பிடிப்பது என்று சொல்லத்தான் ஆளில்லை. அதனால்தான் கடைசி ஆண்டுப் பிள்ளைகள் பலர் கடன் வாங்கி ஏதோ ஒரு 'ஹேக்கிங்' வகுப்பில் போய்ச் சேர்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

படி 1: இலவசப் பாடம்

மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் கணக்குத் தொடங்குங்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் என்ற வீடியோ பாடங்கள் அங்கே கிடைக்கும். பார்க்கக் காசு வேண்டாம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். எடுத்த எடுப்பில் 'எத்திக்கல் ஹேக்கிங்' (அனுமதியோடு பாதுகாப்பைச் சோதிப்பது) பாடத்துக்குத் தாவாதீர்கள். கணினி நெட்வொர்க் பாடத்தை முதலில் முடியுங்கள். ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் ஒரு கணினியின் எண்), போர்ட் (கணினியில் ஒவ்வொரு சேவைக்குமான வாசல் எண்), டி.என்.எஸ். (தளத்தின் பெயருக்கு உரிய ஐ.பி. முகவரியைக் கண்டுபிடித்துத் தருவது). இந்த மூன்றும் பிடிபடாமல் மேலே போனால், எந்த மென்பொருளைக் கொடுத்தாலும் வெறுமனே பட்டனை அமுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

படி 2: வீட்டிலேயே ஓர் ஆய்வகம்

எந்தத் திட்டமும் இதை உங்களுக்காகச் செய்து தராது. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் இலவச மென்பொருளான வர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, அதற்குள் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். 8 ஜி.பி. ராம் இருந்தால் தாராளம்.

அப்புறம் ஒரு சின்ன வேலை. உபுண்டுவிலிருந்து லாக் அவுட் செய்துவிட்டு, வேண்டுமென்றே மூன்று முறை தவறான பாஸ்வேர்டு கொடுங்கள். நான்காவது முறை சரியாகக் கொடுத்து உள்ளே போங்கள். 'வார்' (var) என்ற ஃபோல்டருக்குள் 'லாக்' (log) என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் 'ஆத்' (auth) என்று பெயர் தொடங்கும் லாக் கோப்பை, அதாவது நடந்ததைப் பதிந்து வைக்கும் கோப்பை, திறந்து கடைசிக்குப் போங்கள். நீங்கள் தவறிய ஒவ்வொரு முறையும் 'அதென்டிகேஷன் ஃபெயிலியர்' (authentication failure) என்று நேரத்தோடு பதிவாகியிருக்கும். இதே வரி இரவு இரண்டு மணிக்கு, ஒரே நிமிடத்தில் இருநூறு முறை வந்தால்? கதவை யாரோ தட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு நிறுவனத்தின் கணினிகளைத் தாக்குதலிலிருந்து காக்கும் கண்காணிப்பு மையத்தில் புதிதாகச் சேர்பவருக்குப் பெரும்பாலும் இந்த வரிகளைப் படிப்பதுதான் வேலை. பார்த்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. சோதனையெல்லாம் உங்கள் சொந்தக் கணினியில் மட்டும்தான். கல்லூரி சர்வரில் விளையாட்டாகக் கை வைத்தாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66 பாயலாம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல திறமையுள்ள பையன்கள் இதில் மாட்டுவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை.

படி 3: கல்லூரியில் இருந்தால்

தமிழக அரசு 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு என்ன பாடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று துறையில் கேளுங்கள். மத்திய அரசும் நாஸ்காம் அமைப்பும் சேர்ந்து நடத்தும் திறன் பயிற்சித் தளமான ஃப்யூச்சர்ஸ்கில்ஸ் பிரைமையும் ஒருமுறை பாருங்கள்.

படி 4: முழுநேரப் பயிற்சி

பட்டம் முடித்தவர்களுக்கு மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் நடத்தும் 'டிட்டிஸ்' என்ற தகவல் பாதுகாப்பு முதுநிலைப் பட்டயம் இருக்கிறது. சுமார் ஆறு மாதம், 900 மணி நேரம். சி-கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை சேர்க்கை நடக்கும். கட்டணம் உண்டு. படி 1-ஐ ஒழுங்காக முடித்தவருக்குத் தேர்வின் நெட்வொர்க் கேள்விகள் பழகியவையாக இருக்கும். குறுகிய காலப் பயிற்சி போதும் என்றால் மத்திய அரசின் கணினிப் பயிற்சி நிறுவனமான நைலிட்டின் மையங்களில் விசாரியுங்கள்.

'சைபர் கமாண்டோ' ஆக எங்கே விண்ணப்பிப்பது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இணையத் தாக்குதல்களை எதிர்கொள்ள ஐந்து ஆண்டுகளில் 5,000 பேருக்குப் பயிற்சி என்று மத்திய அரசு 2024-ல் அறிவித்த திட்டம் அது. ஏற்கெனவே காவல்துறையிலும் மத்தியப் படைகளிலும் இருப்பவர்களிலிருந்துதான் எடுக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே இணையப் பண மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துச் சொல்லுங்கள்.