‘நடந்ததை எழுதிக் கொடு’: மாணவர் நலப் பொறுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நடக்கும் முதல் ஆசிரியர் கூட்டத்தில் பொறுப்புகளைப் பிரித்துக் கொடுப்பார்கள். என்.எஸ்.எஸ்., நூலகம், ஜே.ஆர்.சி., விளையாட்டு விழா என்று ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் ‘மாணவர் நலன், ஆலோசனை’ என்று ஒரு வரி மிஞ்சும். அதை யார் தலையில் கட்டலாம் என்று தலைமையாசிரியர் சுற்றிப் பார்ப்பார். பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர் மாட்டுவார், இல்லாவிட்டால் உயிரியல் டீச்சர். முழுநேர ஆலோசகர் இல்லாத அரசு, அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளிகளில் இதுதான் நடைமுறை. கையில் ஒரு பதிவேடு, சுவரில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் போஸ்டர் ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு நாள் பயிற்சி. அவ்வளவுதான்.

அந்தப் பயிற்சிகளில் பேசப் போகும்போதெல்லாம், எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் செய்து முடித்த அதே தவறுகளைப் புதியவர்கள் முதலிலிருந்து செய்துகொண்டிருப்பதைப் பார்க்கிறேன். அடிக்கக் கூடாது, கேலி பேசக் கூடாது, சாதியைக் கேட்கக் கூடாது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் இந்தப் பொறுப்புக்கே வரக் கூடாது. கீழே வரும் பிள்ளைகளின் விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

அறிவுரையில் தொடங்குவது

பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல் பீரியடில் தினமும் தூங்கினான். பொறுப்பாசிரியர் புதியவர், நல்ல மனிதர். பையனைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து லட்சியம், விடாமுயற்சி, அம்மா படும் கஷ்டம் என்று அரை மணி நேரம் பேசினார். "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டுப் போன பையன் மறுநாளும் தூங்கினான். அவன் நகக்கண்ணில் காய்ந்த மைதா ஒட்டியிருந்தது அந்த அரை மணி நேரத்தில் அவர் கண்ணில் படவில்லை. "நேத்து எத்தனை மணிக்குப் படுத்தே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், பைபாஸ் பரோட்டாக் கடையில் நள்ளிரவு தாண்டியும் மாவு பிசைகிறான் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

14 வயது முடிந்து 18 ஆகாதவர்களை இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை கடையில் வேலை வாங்குவது சட்டப்படியே தப்பு. கடைக்காரரிடம் அதைப் பக்குவமாகச் சொன்னதும் சனி, ஞாயிறு பகல் வேலையாக மாற்றிக் கொடுத்தார். அப்புறம் அவன் தூங்கவில்லை. அம்மா படும் கஷ்டத்தைப் பற்றி அந்தப் பையனுக்கு நாம் சொல்லித்தர ஒன்றுமே இருக்கவில்லை.

ஸ்டாஃப் ரூமில் பேசுவது

பேசாதீர்கள். பெயரைச் சொல்லாமல்கூட.

எழுதி வாங்குவது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இத்தனை சுற்றறிக்கை வந்த பிறகும் இது நிற்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக வருகிறது.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பள்ளிக்கு வரும் வேனில் தனக்கு நடப்பதைக் கணக்கு டீச்சரிடம் சொன்னாள். எத்தனையோ நாள் யோசித்து, யாரிடம் சொல்லலாம் என்று அவளாகவே தேர்ந்தெடுத்த ஆள் அந்த டீச்சர். டீச்சர் பதறிப்போய் அவளை உதவித் தலைமையாசிரியரிடம் அழைத்துப் போனார். அவர் கேட்டார்: "என்னம்மா நடந்துச்சு, சொல்லு." சொன்னாள். அவர் தலைமையாசிரியரிடம் அழைத்துப் போனார். அங்கேயும் சொன்னாள். பெண் பிள்ளை விஷயம் என்பதால் உடற்கல்வி மேடத்தை வரவழைத்து, அவர் தனியாக ஒருமுறை கேட்டார். சாயங்காலம் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருந்து ஒருவர் வந்தார். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. "ஏன் அப்பவே சொல்லல?" என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். கடைசியில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "நடந்ததை எழுதிக் கொடு, கீழே கையெழுத்துப் போடு" என்றார்கள்.

அந்தத் தாளைப் பின்னால் நான் பார்த்தேன். இடது பக்கம் ‘அனுப்புநர்’ என்று போட்டுத் தன் பெயர், வகுப்பு, பிரிவு எழுதியிருந்தாள். அதன் கீழே ‘பெறுநர்’. அப்புறம் ‘மதிப்பிற்குரிய ஐயா’. நடந்ததை ஏழெட்டு வரிகளில் எழுதிவிட்டு, ‘இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்த மாணவி’ என்று முடித்திருந்தாள். விடுப்பு விண்ணப்பம் தவிர வேறு எதையும் பெரியவர்களுக்கு எழுதிப் பழகாத பிள்ளை வேறு எப்படி எழுதுவாள்?

தாளில் செவ்வாய்க்கிழமை என்று இருந்தது. உடற்கல்வி மேடம் தன் குறிப்பில் புதன் என்று எழுதியிருந்தார். காலையிலிருந்து ஐந்து பேருக்குச் சொன்ன பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒரு கிழமையை மாற்றிச் சொல்வதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் இந்தத் தாள்கள் எல்லாம் புகாரோடு சேர்ந்து போயின. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் கிழமையைப் பிடித்துக்கொண்டார்.

சட்டம் பள்ளியிடம் இதையெல்லாம் கேட்கவே இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தாலோ நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ காவல்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது. விசாரித்து உறுதி செய்துகொண்டு வாருங்கள் என்று எங்கேயும் இல்லை. வாயால் சொன்னாலே போதும். அதை எழுதிப் பதிவு செய்து, சொன்னவருக்குப் படித்துக் காட்டுவது காவல்துறையின் வேலை. சொல்லாமல் மறைத்தால்தான் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத் தலைவர் தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை.

பிள்ளையின் வாக்குமூலத்தை வாங்குவதற்கும் சட்டத்தில் முறை இருக்கிறது. அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடியவரை உதவி ஆய்வாளர் தகுதிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து கேட்க வேண்டும். சாட்சி சொல்வதற்காகக் குழந்தையைத் திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது என்று சிறப்பு நீதிமன்றத்துக்கே 33-ஆவது பிரிவு சொல்லியிருக்கிறது. நீதிமன்றம் செய்யக் கூடாததை நம் தலைமையாசிரியர் அறையில் ஒரே நாளில் செய்து முடித்துவிடுகிறோம்.

ஏன் செய்கிறார்கள் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "பொய்யா இருந்துட்டா?" உங்களுக்கு அந்தப் பயமே வேண்டாம். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் சிவில், கிரிமினல் எந்த நடவடிக்கையும் வராது என்று அதே 19-ஆவது பிரிவின் கடைசி உட்பிரிவு சொல்கிறது. பொய்யா மெய்யா என்று பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். அதற்குச் சம்பளமும் வாங்குகிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நம் பள்ளிகளில் எதற்கெடுத்தாலும் எழுதி வாங்குவது கைப்பழக்கமாகிவிட்டது. போன் கொண்டுவந்தாயா, எழுதிக் கொடு. பெஞ்சை உடைத்தாயா, எழுதிக் கொடு, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வா. ஆறாம் வகுப்பிலிருந்து தப்பு செய்தவர்கள் மட்டும்தான் தலைமையாசிரியர் மேஜை முன்னால் நின்று எழுதுவதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். அதே மேஜையில் அதே தாளை நீட்டினால், தப்பு தன் மேல்தான் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றாமல் என்ன செய்யும்? அவள் எழுதும்போது அழவில்லையாம், "தெளிவாத்தான் எழுதினா" என்று உடற்கல்வி மேடம் என்னிடம் பெருமையாகச் சொன்னார். அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சரி, என்னதான் செய்வது? பிள்ளை யாரிடம் வந்தாளோ அவரே கேட்கட்டும், ஒருமுறை மட்டும். கதவு பாதி திறந்த அறை, பக்கத்தில் உட்கார ஒரு நாற்காலி. அவள் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்: "உன் பாதுகாப்புக்கு வேணும்னா இதை ஒருத்தர் ரெண்டு பேர்கிட்ட நான் சொல்ல வேண்டி வரும். யார்கிட்டன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்." யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு அன்று சாயங்காலமே சொன்னால், அதோடு அவள் எந்தப் பெரியவரையும் நம்ப மாட்டாள். அவள் பேசட்டும், இடையில் துருவாதீர்கள். "நீ சொன்னது நல்லதாப் போச்சு, உன் மேல தப்பு இல்ல" என்று சொல்லுங்கள். நீங்கள் கேட்க வேண்டியது இன்றைக்கு வீட்டுக்குப் போவதில் பயம் இருக்கிறதா, வீட்டில் யாரிடம் சொன்னால் அவளுக்குத் துணையாக இருப்பார்கள் என்பது மட்டும்தான்.

அவள் போன பிறகு நீங்கள் எழுதுங்கள், அவள் சொன்ன வார்த்தையிலேயே. தேதி, நேரம், இடம் போட்டு, உங்கள் கையெழுத்தோடு. ‘தகாத முறையில் நடந்தார்’ என்று அதை நம் நடைக்கு மாற்ற வேண்டாம். அன்றே தலைமையாசிரியர், அனைத்து மகளிர் காவல் நிலையம், 1098. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் ஒரு வார்த்தை. குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு அவள் முன்னால் நிறுத்தி "இவரா?" என்று கேட்கும் தலைமையாசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி நடக்கப் போகிறது என்று தெரிந்தால் குறுக்கே நில்லுங்கள். வேலை போகாது.

பெட்டியை மாட்டிவிட்டு மறந்துபோவது

2021-க்குப் பிறகு பள்ளிகளில், பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போட ‘மாணவர் மனசு’ பெட்டி வந்தது. பல இடங்களில் அது தலைமையாசிரியர் அறை வாசலில், கேமராவுக்கு நேர் கீழே தொங்குகிறது. யார் போடுவார்கள்? தண்ணீர்க் குழாய்ப் பக்கமோ மாடிப்படித் திருப்பத்திலோ மாட்டுங்கள், நின்றால் யாரும் ஏன் நிற்கிறாய் என்று கேட்காத இடமாக.

முதலில் வரும் சீட்டுகள் எல்லாம் ‘கழிவறையில் தாழ்ப்பாள் இல்லை’, ‘வாளி உடைந்துவிட்டது’ என்றுதான் இருக்கும். இதற்கா பெட்டி என்று சலித்துக்கொள்ளாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் தாழ்ப்பாளை மறுநாளே மாட்டினார்கள். அதற்கடுத்த வாரம்தான், பெரிய பையன்கள் சின்னப் பையன்களிடம் பஸ் நிறுத்தத்தில் காசு பறிப்பது பற்றி முதல் சீட்டு விழுந்தது.

‘அப்பாவைக் கூட்டிட்டு வா’

பெண் பிள்ளையின் பையில் ஒரு கடிதம் கிடைக்கிறது. உடனே வீட்டுக்குப் போன் அடிக்கும் ஆசிரியர்கள் உண்டு. பெற்றோருக்குத் தெரிய வேண்டும்தானே என்பார்கள். தெரிய வேண்டும்தான். ஆனால் எந்தப் பெற்றோர், எப்படிச் சொல்வது என்று அந்தப் பிள்ளையிடம் கேட்காமல் போன் அடித்து, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு கல்யாணப் பேச்சு தொடங்கிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். சில வீட்டில் அம்மாவிடம் சொல்லலாம், சில வீட்டில் சித்தியிடம், சில வீட்டில் பாட்டிதான் எல்லாம். கல்யாணப் பேச்சு காதில் விழுந்தால் காத்திருக்காதீர்கள். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-இன்படி தடுப்பு அலுவலராக இருப்பவர் மாவட்டச் சமூகநல அலுவலர். 1098-க்குச் சொன்னாலும் அவருக்குப் போகும்.

கேட்கப் பயப்படுவது

"செத்துடலாமான்னு இருக்கு" என்று ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னாலும் நின்று கேளுங்கள். அதைப் பற்றிக் கேட்டால் நாமே எண்ணத்தை விதைத்ததாகிவிடும் என்ற பயம் எல்லாப் புதியவருக்கும் இருக்கிறது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. நேராகக் கேட்டால் பிள்ளைக்குப் பாரம் குறைகிறது. "சாகணும்னு தோணுதா? எப்போலேர்ந்து?" என்று சாதாரணக் குரலில் கேட்கலாம். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். வீட்டில் ஒருவர் நேரில் வந்து அழைத்துப் போகட்டும், அன்றே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு. 14416-இல் டெலிமானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவை நாள் முழுக்கத் தமிழிலேயே பேசுகிறது. 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் உண்டு.

மே மாதம் தேர்வு முடிவு வரும்போது நாம் விடுமுறையில் இருப்போம், அதுதான் சிக்கல். தோற்றுவிடுவோம் என்று பயப்படும் பிள்ளைகள் யார் என்று பொறுப்பாசிரியருக்கு மார்ச்சிலேயே தெரியும். முடிவு வரும் அன்று காலை அவர்களுக்கு ஒரு போன் செய்யுங்கள். துணைத் தேர்வு அதே ஆண்டு இருக்கிறது, விண்ணப்பத்தை நான் போட்டுத் தருகிறேன் என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகும். ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அரசு 2017-இலேயே நிறுத்திவிட்டது. பள்ளி வாசல் ஃபிளெக்ஸ் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

ராத்திரி வாட்ஸ்அப்

சொந்த எண்ணில் வேண்டாம். அவசரத்துக்கு 1098, 14416.

சொல்லாமல் மாறிப்போவது

இடமாறுதல் ஆணை கைக்கு வந்ததும் சாவிக்கொத்தையும் பதிவேட்டையும் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பதிவேடு பீரோவுக்குள் போகும். உங்களிடம் பேசிக்கொண்டிருந்த பிள்ளை ஜூனில் வந்து, மூடிய அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். நீங்கள் இல்லாவிட்டால் யாரிடம் பேசச் சம்மதம் என்று கிளம்பும் முன் கேளுங்கள். பிள்ளை ஒருவர் பெயரைச் சொன்னால், மூன்று பேரும் ஒரு பத்து நிமிடம் ஒன்றாக உட்காருங்கள். புதியவரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்; ஆபத்தான விஷயம் என்றால் மட்டும் எது போகிறது என்று அவளிடம் சொல்லிவிட்டு நீங்களே சொல்லுங்கள்.